மாடத்தி போட்ட ரூட்

விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் மரப்பெட்டிகளின் மேல் ஊர்ப் பெயர் போடுகிற வேலை மாடத்திக்கு. எழுத்து வெட்டிய தகரத்தைப் பெட்டிமேல் வைத்து, மையில் நனைத்த துணிப்பந்தால் ஒற்றினால் 'சேலம்' என்று விழும், 'கும்பகோணம்' என்று விழும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் இப்படித்தான் வாசிக்கப் பழகினாள். முப்பத்தாறு வயதில் அறுபது ஊர்ப் பெயர்களைத் தடுமாறாமல் படிப்பாள். ஆனால் மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரையும் கிழக்கே இருக்கன்குடியையும் தாண்டி அவள் போனதில்லை.

1963 ஆவணியில் ஒருநாள், எட்டாவது படிக்கிற மகள் மாரித்தாய் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "ஆத்தா, பாஞ்சாலங்குறிச்சி இங்கனயிருந்து எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டாள். மாடத்திக்குத் தெரியவில்லை. தெரியாதது அவளுக்குச் சுருக்கென்றிருந்தது. மறுநாள் லோடு ஏற்ற வந்த லாரி டிரைவரிடம் கேட்டாள்.

"எட்டயபுரம் தாண்டி, ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கம். காலையில கெளம்புனா மதியத்துக்குள்ள போயிரலாம்."

"இம்புட்டுப் பக்கத்துலயா கெடக்கு?"

அன்றைக்கே ஊர் பார்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது. லாரி டிரைவர்களிடம் ஒவ்வொருவராக விசாரித்து, எழுத்துக் கலங்கிப்போய் அச்சாபீஸில் கழித்த லேபிள் தாளின் பின்பக்கம் மகளை விட்டு ரூட் எழுத வைத்தாள். கழுகுமலை, கோவில்பட்டி, கயத்தாறு, திருநெல்வேலி, திருச்செந்தூர். திரும்பும்போது பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், சாத்தூர், இருக்கன்குடி. இரண்டு நாள். நாலு வயசுத் தம்பி மகன் முதல் எழுபது வயசு அய்யா சுடலை வரைக்கும், அவள் குடும்பமும் தம்பி குடும்பமுமாகப் பதின்மூன்று பேர்.

தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் புருஷன் சோணைமுத்து தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏ புள்ள, கல்லையும் மண்ணையும் பாக்கவா வேன் பிடிக்கிறது? நேரா திருச்செந்தூர் போவோம், மொட்டையப் போடுவோம், வருவோம்."

"மொட்டையும் போடுவோம். போற வழியில கல்லைப் பாப்போம், வாற வழியில மண்ணைப் பாப்போம்."

தீபாவளி முடிந்ததும் கம்பெனி லீவு, அப்போதே போகலாம் என்றான் தம்பி. மாடத்தி ஒத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் பாதையில் வேன் சக்கரம் பாதி புதைந்துவிடும் என்று டிரைவர்கள் சொல்லியிருந்தார்கள். பொங்கலுக்குத்தான் தரை காயும். ஆக, தை மூணாந்தேதி என்று முடிவு பண்ணினாள்.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு நெருடிக்கொண்டிருந்தது. அய்யாவுக்கு முழங்கால் வீங்கிக் கிடந்தது. வாலிபத்தில் பண்ணையாரின் காளைகளை ஓட்டிக்கொண்டு எத்தனையோ தடவை கழுகுமலை அடிவாரம் வழியாகப் போனவர் அவர். "மலைமேல பாறையிலயே கோயிலு செதுக்கியிருக்காகளாம். மாட்டை விட்டுட்டு நான் எங்கிட்டு ஏறுறது?" என்று ஒருமுறை சொல்லியிருந்தார். இப்போது ஏற முடியுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே பஸ் ஏறிப்போனாள். "தனியாவா போற?" என்றார் சோணைமுத்து. "பஸ்ஸுல அம்பது பேரு இருப்பாகள்ல" என்றாள். திருவேங்கடத்தில் வண்டி மாறி, கழுகுமலையில் இறங்கி, மலைமேல் ஏறினாள். எந்தப் படி உயரம், எங்கே நிழல், எங்கே உட்காரலாம் என்று மனசில் குறித்துக்கொண்டே போனாள். மேலே போய்க் குனிந்து பார்த்தபோது கால் நின்றுவிட்டது. மலையைக் குடைந்து, அந்தக் குழிக்குள் ஒற்றைப் பாறையிலேயே ஒரு கோயில். கோபுரத்து உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே போயிருந்தார்கள். அடிப்பாகம் முடியாமலே நின்றிருந்தது. உளி ஓர் இடத்தில் தவறியிருந்தாலும் திரும்ப ஒட்ட முடியாத வேலை. நாளெல்லாம் வெடிமருந்துக்குப் பக்கத்தில் கவனமாக வேலை பார்க்கிற அவளுக்கு அந்தக் கை எப்படிப்பட்ட கை என்பது உடனே புரிந்தது. அய்யாவை எப்படியும் கொண்டுவந்துவிட வேண்டியதுதான். வெயில் ஏறுமுன் தொடங்கணும், உட்கார ஒரு குட்டி முக்காலி வேணும், மூணு மணி நேரம் ஒதுக்கணும்.

மார்கழியில் வேன் பேசப் போனபோதுதான் இடித்தது. வண்டி முதலாளி நாளையும் ஆட்களையும் கேட்டார். பிறகு தெருவைக் கேட்டார். முகம் மாறியது.

"உங்க தெருவுக்குள்ள வண்டி வராது. மெயின் ரோட்டுக்கு வந்து ஏறிக்கோங்க. சீட்டுல சாக்கு விரிச்சு உக்காருங்க."

மாடத்தி இடுப்பில் செருகிய தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப இந்த வண்டி வேண்டாம் மொதலாளி."

"பொங்கல் நேரத்துல உனக்கு வேற எவன் குடுப்பான்?"

"அதை நான் பாத்துக்கிடுறேன்."

வீட்டில் தம்பி தலையில் கைவைத்தான். "மெயின் ரோடு என்ன, நாலு எட்டுத்தானக்கா. போயி ஏறிட்டா என்ன?"

"அந்த நாலு எட்டை அய்யா எழுபது வருசமா நடந்துட்டாரு. இனி நடக்க மாட்டாரு" என்றாள்.

கம்பெனிக்கு வருகிற டிரைவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தாள். நாலாம் நாள் ஒருவர் சாத்தூர் நல்லசிவத்தைச் சொன்னார். சொந்த வேன், அவரே ஓட்டுகிறார். மாடத்தி பஸ் ஏறிப்போய், சின்னப் பிள்ளைகளும் வயசான அய்யாவும் வருவதைச் சொல்லி, தாளை அவர் முன்னால் விரித்தாள். நல்லசிவம் விரலை வைத்து ஒவ்வொரு ஊராகப் படித்தார்.

"யாரு போட்டது இது?"

"நான்தான்."

"ரூட்டு சரியாத்தான் இருக்கு. ஒண்ணு மட்டும். மதியச் சாப்பாடு திருநெல்வேலின்னு போட்டிருக்கீக. சின்னப்புள்ளைக அதுவரைக்கும் தாங்காது. கயத்தாறுலயே கட்டுச்சோத்தைப் பிரிச்சிருங்க."

மாடத்தி தலையாட்டினாள். பிறகு நேராகவே கேட்டாள்: "வண்டி எங்க தெருவுக்குள்ள வருமா?"

"வீட்டு வாசலுக்கு வரும்மா. வயசானவுக இருக்காகன்னு நீங்கதான சொன்னீக" என்றார் நல்லசிவம்.

தை மூணாந்தேதி விடியலில் வேன் தெருவுக்குள் வந்து நின்றது. கதவைப் பிடித்து முதலில் ஏறியது சுடலை.

கழுகுமலையில் அவர் ஏழு இடத்தில் உட்கார்ந்து எழுந்தார். மகளும் மகனும் ஆளுக்கொரு கையைப் பிடிக்க, பேத்தி முக்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். கோயிலைப் பார்த்ததும் கிழவர் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, உச்சி முதல் அடி வரைக்கும் கண்ணாலேயே இறங்கினார். பிறகு, "உச்சியிலயிருந்து எறங்கி வந்திருக்கான். நெஞ்சுரம் உள்ளவன்" என்றார். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம் என்று கயத்தாறில் சொல்கிறார்கள். வருகிறவர் போகிறவர் போட்ட கற்கள் அங்கே குவிந்து கிடந்தன. நாலு வயசுப் பயலும் ஒரு கல்லைப் போட்டான். திருச்செந்தூரில் மூன்று பேருக்கு மொட்டை.

மறுநாள் பாஞ்சாலங்குறிச்சியில் கோட்டை என்று எதுவும் இல்லை. இடிந்த சுவர் கரைந்த மண்மேடு, அதன்மேல் காய்ந்த புல். மாரித்தாய் மேட்டில் நின்று, பாடத்தில் படித்த சண்டையைக் கையை வீசிச் சொல்லத் தொடங்கினாள். எல்லோரும் கீழே உட்கார்ந்து கேட்டார்கள். தாளில் அந்த இடத்துக்கு அரைமணி நேரம்தான் போட்டிருந்தது. ஒரு மணி நேரமானதும் சோணைமுத்து நினைவூட்டினார்.

"கெளம்பணும்ல?"

"இருங்க, அவ சொல்லி முடிக்கட்டும்" என்றாள் மாடத்தி.

எட்டயபுரத்தில் இறங்க நேரமில்லாமல் போயிற்று. இருக்கன்குடிக்குச் சாயங்காலப் பூசைக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். அவளுக்கு அதில் வருத்தமே இல்லை.

அடுத்த பொங்கலுக்கு அந்தத் தெருவிலிருந்து இரண்டு வேன்கள் மதுரைக்குக் கிளம்பின. நாயக்கர் மகாலும் மீனாட்சி கோயிலும் பார்க்க முப்பது பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். முன்வண்டியில் நல்லசிவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வழியைச் சொல்லிக்கொண்டே போனாள் மாடத்தி.