ஜெயித்த அப்பீல்

அண்ணனுக்கு ஆயுள் தண்டனைதான், தூக்கு இல்லை என்றதும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கோ அதுவே பொறுக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரில் எங்கள் ஒற்றை அறையில் என் வீட்டுக்காரரை அடித்துக் கொன்றதாக அண்ணன் கோர்ட்டில் ஒப்புக்கொண்டுவிட்டான். ஒரு சாட்சியைக்கூடக் கூப்பிடாமல் கேஸ் முடிந்தது.

அபிராமபுரத்தில் நான் சமையல் வேலை செய்த வீட்டு ஐயா ஹைகோர்ட் வக்கீல். "கொலைக் கேஸ்ல, ஒத்துக்கிட்டான்னு மட்டும் வெச்சுத் தண்டனை குடுத்தது தப்பு. அப்பீல் போடலாம்" என்றார். அண்ணன் வக்காலத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முரண்டு பிடித்தான். ஜெயில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். பிடிவாதத்தில் நான் அவனுக்கு இளைத்தவளில்லை. போட்டான்.

அப்பீல் ஜெயித்தது. தண்டனை ரத்து, கேஸை முதலிலிருந்து விசாரிக்கச் சொல்லிவிட்டார்கள். "கபாலி கைவுடல" என்று அம்மா கற்கண்டு வாங்கி வந்து வக்கீலிடம் நீட்டினாள். அவர் என்னைப் பார்த்தார்.

"அப்போ கூட இருந்தது நீ மட்டும்தானே? முதல் சாட்சி நீதான். தங்கச்சிய அடிக்கும்போது தடுத்தான்னா தப்பிச்சுப்பான். ஆள் விலகினப்புறம் அடிச்சான்னா தூக்குகூட வரலாம்."

என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதிய மனிதர், அண்ணனைக் கண்டதும் விட்டுவிட்டார். வாசல் பக்கம் திரும்பினார். அதற்கப்புறம்தான் அண்ணன் அம்மிக் குழவியை எடுத்தான்.

மறுநாளே ஜெயிலுக்கு ஓடினேன்.

"இன்னாத்துக்கு ஒத்துக்கினேன்னு இப்போ புரியுதா பாப்பா?" என்றான் அண்ணன். கோபம்கூட இல்லை. "உன்னக் கூண்டுல ஏத்திக் கேப்பாங்கன்னுதான். உனக்குப் பொய் சொல்ல வராது. மூஞ்சே காட்டிக் குடுத்துரும்."

விசாரணை வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவன் கழுத்து. பொய் சொல்லி மாட்டிக்கொண்டாலும் அவன் கழுத்துதான். வலியப் போய் அப்பீல் போடவைத்த பாவி நான்.

அரசு வக்கீல் கேட்டார். "அடி விழுந்தப்போ உன் வீட்டுக்காரர் கை எங்க இருந்துச்சு?"

"என் தலைமுடியில" என்றேன்.

குரல் பிசிறவே இல்லை. திருப்பித் திருப்பிக் கேட்டார்கள், அதையேதான் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டது அண்ணன்தான்.

அவன் வீடு திரும்பிவிட்டான். அன்றிலிருந்து எனக்கு என்னைக் கண்டேதான் பயம்.