எஸ்தரம்மா வாங்க மறுத்த பதிவேடு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். முனுசாமி சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வந்து நின்றார். நம் பள்ளியில் பல ஆண்டுகள் மணியடித்த அதே முனுசாமிதான். தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் வரை மிதித்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"சார், நம்ம எஸ்தரம்மா பூட்டாங்க. தூக்கத்துலயே அடங்கிட்ச்சாம். பல்லாவரத்துல வூட்லதான் வச்சிகீறாங்க. மூணு மணிக்கு எடுக்குறாங்க."

"நீ சாப்பிட்டியா முனுசாமி?" என்று கேட்டேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"அத்த அப்பால பாத்துக்கலாம். நீங்க கெளம்புங்க சார்."

நம் பள்ளியில் படித்தவர்களுக்கு எஸ்தரம்மா என்றால் அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் தெரியும் கண்ணாடியும் வெள்ளைப் புடவையும். எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு அவர் ஒரு குமாஸ்தா மட்டுமல்லர், வாய்தா கொடுக்காத நீதிபதி. ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் வகுப்பாசிரியர்கள் மதிப்பெண்களைப் பதிவேட்டில் ஏற்றி, கூட்டிப் போட்டு, அவரிடம் ஒப்படைக்க வேண்டும். எல்லாரும் ஒப்படைத்த பிறகு ஒரு பதிவேடு மட்டும் பாக்கியிருக்கும். அது என்னுடையது. முனுசாமியை மூன்று முறை அனுப்புவார். நான்காவது முறை அவரே வகுப்பு வாசலில் வந்து நிற்பார்.

"பொண்ணைக் கட்டிக் குடுக்கிற மாதிரி கண் கலங்கிக்கிட்டே குடுக்காதீங்க சார். சட்டுனு குடுத்துட்டுப் போங்க."

பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஆசிரியர்களின் விடுப்புக் கடிதங்களும் அவர் கைக்குத்தான் போகும். "கடுதாசியில பொய் இருக்கலாம், கையெழுத்துல பொய் இருக்காது" என்பார். காய்ச்சல் என்று எழுதிவிட்டு மைத்துனர் கல்யாணத்துக்குப் போன தமிழாசிரியரை எழுத்தின் துள்ளலை வைத்தே பிடித்தவர் அவர்.

இனி நான் எழுதப்போவதை என் மனைவியையும் முனுசாமியையும் தவிர யாரும் அறியமாட்டீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொல்லாமல் இருந்தேன். எஸ்தரம்மாவைப் பற்றி எழுதிவிட்டு இதை எழுதாமல் விட்டால் அது அஞ்சலி ஆகாது.

அறுபத்தைந்தாம் ஆண்டு ஆடி மாதம் வாக்கில் எனக்கு ஏதோ ஆனது. காரணம் கேட்பீர்கள். சொல்லும்படி எதுவும் இல்லை. வேலை இருந்தது, பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள், மனைவி அன்பானவள். வகுப்பில் சொல்வதுபோல ஓர் உதாரணம் சொல்கிறேன். மின்சார ரயிலில் ஏறி உட்காருகிறீர்கள். தலைக்கு மேல் விசிறி சுற்றுகிறது, ஆனால் ஒரு பொட்டுக் காற்றும் உங்கள் மேல் படவில்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, என்னை வந்து தொடவில்லை. விடியற்காலையில் விழிப்பு வந்துவிடும். சோறு மண்ணாக இருக்கும். நான் இல்லாவிட்டால் இவர்கள் எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள் என்று ஓர் எண்ணம் மெல்ல மெல்ல வளர்ந்தது. அது நோயின் குரல் என்று இன்று தெரிகிறது. அன்று அதுதான் என் சொந்தப் புத்தி என்று நினைத்தேன். நான்கு முறை வயிற்றுவலி என்று விடுப்பு எழுதினேன்.

காலாண்டுத் தேர்வு முடிந்தது. மூன்றாம் நாளே பதிவேட்டை முடித்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் கூட்டிப் போட்டு, அலுவலக மேசையில் கொண்டுபோய் வைத்தேன். யாருக்கும் எந்தச் சிரமமும் வைத்துவிட்டுப் போகக் கூடாது என்பது என் கணக்கு. நான் செய்த பிழை அதுதான்.

எஸ்தரம்மா பதிவேட்டைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார்.

"எட்டு வருஷமா கேட்டுக் கேட்டு வாங்குறேன். இன்னிக்கு கேக்காமயே குடுக்கிறீங்க."

"முடிஞ்சிடுச்சும்மா."

"போன வாரம் என் குடையைத் திருப்பிக் குடுத்தீங்க. லைப்ரரி புஸ்தகம் ஆறையும் கட்டிக்கொண்டாந்து வச்சுட்டீங்களாம். எங்க சார் போறீங்க?"

அவர் எழுந்து கதவை ஒருக்களித்துவிட்டு வந்து, நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. ரேஷன் கார்டில் எத்தனை பேர் என்று கேட்பதுபோல் கேட்டார்.

"செத்துடலாம்னு தோணுதா சார்?"

அந்தக் கேள்வி என்னைத் தள்ளிவிடவில்லை. சுமந்துகொண்டிருந்த மூட்டையை ஒருவர் அந்தப் பக்கம் வந்து பிடித்ததுபோல் இருந்தது. "ஆமாம்மா" என்றேன். சொன்னதும் அழுதேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. பிள்ளைகுட்டிக்காரன் இப்படி நினைக்கலாமா என்று கேட்கவில்லை. அவ்வளவு பக்தியுள்ளவர், ஜெபம் செய்யுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். அவனும் இப்படித்தான் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தானாம். தானாக உயிரை விட்டவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் தரமாட்டார்களே என்று பயந்து, வயிற்றுவலியில் போய்விட்டான் என்று வீட்டில் சொன்னார்களாம்.

"எனக்குச் சந்தேகம் இருந்துச்சு சார். கேட்டா, இல்லாத நெனப்பைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடுமோன்னு பயந்துட்டேன். நெனப்பு ஏற்கெனவே வந்து உக்காந்திருந்துச்சு. கேக்க ஆளில்லாமதான் இருந்துச்சு."

பிறகு பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "இதை இன்னிக்கு வாங்க மாட்டேன். நாளைக்குக் கொண்டாங்க."

அன்று என்னைத் தனியாக வீட்டுக்கு அனுப்பவில்லை. முனுசாமியைத் துணைக்கு அனுப்பினார். "சாரோட போ. ஒண்ணும் கேக்காதே" என்று மட்டும் உத்தரவு. முனுசாமி ஒன்றும் கேட்கவில்லை. மாடம்பாக்கம் வரை தன் வெள்ளாடு அடுத்த வீட்டு ஜாக்கெட்டைத் தின்ற கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். மாலையில் எஸ்தரம்மா வந்து என் மனைவியிடம் நேராகச் சொன்னார்.

அடுத்த நாள் பதிவேட்டைக் கொண்டுபோனேன். "பதினேழாம் நம்பர் பையனோட கூட்டலை இன்னொரு தரம் பாருங்க. நாளைக்குக் கொண்டாங்க." அதற்கடுத்த நாள், மை மங்கலாம். தலைமையாசிரியர் அந்தப் பதிவேட்டுக்காக அவரைத்தான் கடிந்துகொண்டார். திட்டை வாங்கிக்கொண்டார், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சனிக்கிழமை பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மனநோய் டாக்டரைப் பார்க்கப் போனோம். ரயிலில் ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் எஸ்தரம்மா. தெரிந்தவர்கள் பார்த்தால் கீழ்ப்பாக்கம் கேஸ் என்பார்களே என்று கூசினேன்.

"கண்ணாடி போட்டிருக்கீங்களே சார், அதை மறைச்சா போடுறீங்க? கண்ணுக்கு ஒரு டாக்டர், இதுக்கு ஒரு டாக்டர்."

மாத்திரை கொடுத்தார்கள். நாக்கு வறண்டது, கை நடுங்கியது, முதல் மூன்று வாரம் பலன் ஒன்றும் தெரியவில்லை. விட்டுவிடுகிறேன் என்றேன். "விதை போட்ட மறுநாளே தோண்டிப் பாக்காதீங்க" என்றார் எஸ்தரம்மா. கார்த்திகை மாதத்தில் ஒருநாள் சாம்பாரில் உப்பு அதிகம் என்று எனக்குக் கோபம் வந்தது. மனைவி கரண்டியைப் பிடித்தபடி நின்று அழுதாள், பிறகு சிரித்தாள். மண்ணில் உப்பு தெரியாதல்லவா.

அரையாண்டுத் தேர்வுப் பதிவேட்டுக்கு எஸ்தரம்மா மூன்று முறை ஆள் அனுப்பினார். இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று சொல்லியனுப்பினேன். வகுப்பு வாசலில் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். "மெதுவாக் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகளுக்குப் பெரும் ஏமாற்றம்.

பல்லாவரத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றியிருந்தார்கள். யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல் இருந்தது. அவர் மகளிடம் சொன்னேன், போட்டுவிட்டார்.

போன மாதம் என்னோடு வேலைபார்த்த நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெயர் வேண்டாம். மனைவியை இழந்து ஓராண்டு ஆகிறது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இரவல் வாங்கிய அகராதியைத் துடைத்து, புது அட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தார். நான் கை நீட்டவில்லை. நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கேள்வியைக் கேட்டேன். என் குரல் நடுங்கியது. எஸ்தரம்மாவின் குரல் நடுங்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து ரயிலேறிப் பட்டணம் போகிறோம். போன வாரம் முதன்முறையாக, ஸ்டேஷன் காப்பி கழுநீர் மாதிரி இருக்கிறது என்று அலுத்துக்கொண்டார்.

எஸ்தரம்மாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு கேள்வியும், திருப்பிக் கொடுக்க வருபவரிடம் கை நீட்டாத பழக்கமும்தான். அகராதி இன்னும் நண்பர் வீட்டில் இருக்கிறது. அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறேன்.