வெறுஞ்சொம்பு

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் ஒரு பித்தளைச் சொம்பைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும், நாமம் போடுகிற சொம்பைக் கவிழ்க்கலாமா, குடும்பத்துக்கு ஆகாதே என்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அதனால் எனக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. வந்தாலும் நிமிர்த்துவதாக இல்லை. அது என் நைனாவின் சொம்பு. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வேண்டுதல் உள்ளவர்கள், பத்துக் காணி நிலம் இருந்தாலும், மஞ்சள் வேட்டி கட்டி, சொம்புக்கு நாமம் போட்டுத் துளசி சுற்றி, வீடு வீடாகப் போய் "கோயிந்தா" என்று பிச்சை கேட்பார்கள். கேட்டபின் வீட்டார் இல்லை என்று சொல்லக்கூடாது, ஒரு பிடியாவது போட வேண்டும். கேட்டவரும் போட்டதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. சேர்ந்த அரிசி சாமி சொத்து. அதில் ஒரு மணிகூட யார் வாயிலும் படாமல், தலையில் சுமந்து திருப்பதி மலையேறி உண்டியலில் கொட்ட வேண்டும். ஒன்பது வயதில் நான் விஷக்காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோது நைனா அப்படி வேண்டிக்கொண்டார். நாலு சனிக்கிழமையில் மூட்டை நிறைந்தது, என் காய்ச்சலும் தணிந்தது. அம்மா அந்த மூட்டைக்குத் தினமும் விளக்கேற்றினாள்.

ஐந்தாவது சனிக்கிழமைக்கு முன்னால் புயல் மழையில் ஏரி உடைந்தது. ஊர் மேட்டில் இருந்தது, தப்பித்தது. தண்ணீர் முழுக்க ஏரிக்குக் கீழே இருந்த சேரிக்குள் போனது. ஆந்திரா தனி ராஜ்யமாகி, எங்கள் பக்கத்து ஊர்கள் எந்தப் பக்கம் சேர்வது என்று இழுபறியாக இருந்த காலம் அது. கஞ்சித் தொட்டி வைக்கச் சொல்லி மனு கொண்டுபோனவர்களிடம், முதலில் எல்லை முடிவாகட்டும் என்று அதிகாரிகள் சொல்லி அனுப்பினார்கள். பசி எந்த எல்லைக்குக் காத்திருக்கும்? ஊர்க்காரர்களையும் சொல்ல வேண்டும். தமிழா தெலுங்கா என்று சாவடியில் கை ஓங்கிக்கொண்டவர்கள், சேரிக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்பதில் மட்டும் ஒரே பேச்சாக இருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை, வழக்கமான வரப்பு அறுத்துக்கொண்டு போயிருந்ததால் நைனா சேரி வழியாகச் சுற்றிப் போனார். சேரியில் பிச்சை கேட்கிற வழக்கம் கிடையாது. ஆனால் சொம்பு கையில் இருந்தால் கோயிந்தா தானாக வாயில் வந்துவிடும், வந்துவிட்டது. சுவர் சரிந்த ஒரு வீட்டிலிருந்து, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். மடியில் முடிந்திருந்த கேழ்வரகை அவிழ்த்தாள். நைனா சொம்பைப் பின்னுக்கு இழுத்தாராம்.

"கோயிந்தான்னு கேட்டுக்கினு வந்துட்டீங்க சாமி. வெறுஞ்சொம்பா எப்டி அனுப்புவேன்?" என்று சொல்லி, ஈரக் கேழ்வரகை ஒரு பிடி போட்டிருக்கிறாள். மடியில் இருந்ததே அவ்வளவுதான். அவள் வீட்டில் அடுப்புகூடக் கரைந்து போயிருந்தது.

மறுநாள் காலையில் நைனா மூட்டையைத் தூக்கினார். எங்கே கொண்டுபோகிறார் என்று தெரிந்ததும் அம்மா மூட்டையின் வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அது அரிசி இல்லை, என் உயிர். நைனா அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் போனார். சேரி மேட்டில் கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சினார். ஊர் மணியக்காரர் ஆட்களோடு வந்து நின்றார்.

"சாமி சொத்தைத் துன்ன வுட்டுட்டு, உம் பொண்ணு தங்கும்னு நெனைக்கிறியா?"

நைனா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "குடுத்தா வுட்டுட்டுப் போறதுக்கும், குடுக்கலைன்னா தூக்கிக்கினு போறதுக்கும் அவரு இன்னா கோர்ட்டு அமீனாவா? பெத்தவரு. எந்தப் புள்ள பசியில கெடக்குதோ அதுக்குத்தான் மொதல்ல போடுவாரு" என்றார்.

மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது. ஊர் முழுக்க, பார்த்தாயா என்றது. வண்டி கட்டிச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அம்மா நைனாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் பிழைத்தேன், இடது காது போய்விட்டது. சாமி பாதித் தண்டனையோடு விட்டார் என்று ஊர் தீர்ப்பு எழுதியது. உடம்பு தேறியதும் நைனா என்னையும் அம்மாவையும் திருப்பதிக்கு அழைத்துப் போனார். சன்னிதி நெரிசலில் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சொம்பைப் பெருமாளுக்கு நேராகக் கவிழ்த்துக் காட்டினார். "அங்கியே போட்டுட்டேன் சாமி. வந்து சேந்துதா?" என்று அவர் கேட்டது என் வலது காதில் விழுந்தது. பயந்த குரல் இல்லை அது. மலையிறங்கும்போதுதான் அம்மா அவரோடு ஒரு வார்த்தை பேசினாள், சாப்பிட்டாயிற்றா என்று.

பெரியவளான பிறகு ஒருநாள், நான் செத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "அழுதிருப்பேன். அவரைத் திட்டியும் இருப்பேன். அந்த அரிசிய மட்டும் திருப்பிக் கேட்டிருக்க மாட்டேன்" என்றார். நான் பிழைத்தது அந்தக் கஞ்சிக்குக் கிடைத்த கூலி என்று யாராவது புகழ்ந்தாலும் அவருக்குக் கோபம்தான் வரும். கூலி கொடுத்து வாங்குகிற அன்பு அவருடைய பெருமாளிடம் இல்லை.

எல்லை முடிவாகி, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. எனக்கும் வயதாகிவிட்டது. புரட்டாசி பிறந்ததும் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்து, நாமம் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். முதல் வீடு சேரியில்தான். சேர்கிற அரிசி எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அந்த வீட்டுக்குப் போகிறது. மலைக்கு நான் வெறுஞ்சொம்போடு போய், கவிழ்த்துக் காட்டிவிட்டு வந்து, அப்படியே அலமாரியில் வைக்கிறேன். நிமிர்த்தி வை என்று புத்தி சொல்ல வருகிறவர்கள் என் இடது பக்கம் நின்று சொல்லலாம்.