சாப்பிடாத புனிதை

2009 தவக்காலத்தில் மனைவி ஒருசந்தி பிடித்தாள். நாளுக்கு ஒரு நேரச் சாப்பாடு. நாங்கள் மன்னார் ஆட்கள், அது பழக்கம்தான். உயிர்த்த ஞாயிறு வந்தது. எல்லோரும் ஒருசந்தியை முடித்தார்கள். இவள் அந்த ஒரு நேரத்தையும் விட்டாள். வெறுந்தேத்தண்ணி, ஒரு துண்டுப் பாண், பூசையில் தரும் நற்கருணை அப்பம். அவ்வளவுதான்.

அவளுடைய தங்கச்சி வன்னியில் இருந்தாள். அங்கே சண்டை. தை மாதத்தோடு அவளுடைய போன் நின்றுபோனது.

மனைவிக்கு வைத்தது ஒரு புனிதையின் பெயர். அறுநூறு வருடத்துக்கு முன் இத்தாலியில் இருந்தவள். சாயம் போடுகிறவரின் மகள். கலியாணம் வேண்டாம் என்று தலைமயிரை வெட்டினவள். ஆண்டவரைக் கண்ணால் கண்டவள். ரோமை விட்டுப் போயிருந்த பாப்பரசருக்கே, திரும்பி வரும்படி புத்தி சொல்லிக் கடிதம் அனுப்பினவள். நற்கருணையிலேயே உயிர் வாழ்ந்தாள் என்பார்கள்.

லண்டனுக்கு வரமுன் நாங்கள் இத்தாலியில் இருந்தோம். அங்கே ஒரு கோயிலில் அந்தப் புனிதையின் தலையைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தோம். சின்னத் தலை. நான் வெளியே வந்து சிகரெட் பிடித்தேன். மனைவி உள்ளே நெடுநேரம் நின்றாள்.

நான் அப்டன் பார்க்கில் மீன் கடையில் மீன் வெட்டினேன். வீட்டுக்கு மீன் கொண்டுபோவதை நிறுத்தினேன். சோறு காய்ச்சி அவள் முன்னால் வைப்பேன். பிறகு அதை நானே சாப்பிடுவேன். உடுப்பு அவளில் தொங்கியது.

தமிழ்ப் பூசைக்கு ஸ்ட்ரெதம் போவோம். ஒரு நாள் பூசை வைக்கிற சுவாமியிடம் சொன்னேன். அவர் இவளைக் கூப்பிட்டார். அந்தப் புனிதையையும் சாப்பிடச் சொன்னார்கள், அவளுக்கு ஏலாமல் போனது, முப்பத்துமூன்று வயதில் செத்தாள் என்றார். இவள் தலையாட்டினாள். பஸ்ஸில் வாய் திறந்தாள்.

"அவ கேட்டது கிடைச்சது. பாப்பரசர் ரோமுக்குத் திரும்பினவர்."

"நீ என்ன கேக்கிறாய்?"

"தங்கச்சியின்ர குரல்."

"ஆண்டவரோட பேரம் பேசுறியே?"

"மீன் வெட்டுறவற்ற பெண்சாதி வேற என்ன செய்வாள்?"

வைகாசியில் சண்டை முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு பின்னேரம் போன் வந்தது. முகாமிலிருந்து, யாரோ ஒருவரின் போனில், தங்கச்சி. எங்கள் ஆட்கள் போனில் முதலில் கேட்பதையே அவளும் கேட்டாள்.

"அக்கா, சாப்பிட்டியளே?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

"ஓம், சாப்பிட்டன். நீ?"

"கஞ்சி தந்தவை."

தங்கச்சியின் புருஷனைப் பற்றி மனைவி கேட்டாள். தெரியாது என்றாள் தங்கச்சி. பிறகு லைன் போய்விட்டது.

மனைவி போனை மேசையில் வைத்தாள்.

"அவளுக்குப் பொய் சொல்லிப்போட்டன்."

அடுப்பில் சோறும் பருப்பும் ஆறிக் கிடந்தன. சூடாக்கப் போனேன். வேண்டாம் என்றாள். தட்டை எடுத்துப் போட்டு நின்றபடியே சாப்பிட்டாள். அழவில்லை. பாதியில் ஏலாது என்றாள்.

மிச்சத்தை நான் சாப்பிட்டேன்.