அக்கா உட்காரும் பக்கத்து டயர்

என் மைத்துனருக்கு நண்பர்கள் சூட்டிய பட்டம் ‘தரைமட்டம்’. எதையும் இடித்ததற்காகக் கிடைத்ததல்ல; அவருடைய கார் அவ்வளவு தாழ்வாக ஓடியது. கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் தொழில். அரை மில்லிமீட்டர் பிசகினால் போட்டுக்கொள்பவருக்கு முன்பே அவருக்குத் தலைவலி வந்துவிடும். விடுமுறை நாட்களில் காருக்கு அடியில் கிடப்பார். தெருவில் பாதிப்பேருக்கு அவர் முகத்தைவிடக் கால்கள்தான் நல்ல பழக்கம்.

கார், என் மாமனார் விட்டுப்போனது. அதன் பின்சீட்டில் இடது ஜன்னலோரம் என் மனைவிக்குச் சிறுவயதிலேயே பட்டா போட்ட இடம். அந்த இடத்துக்காகத் தம்பி அழுதிருக்கிறார், உண்ணாவிரதம் இருந்திருக்கிறார், ஒருமுறை கடித்தும் பார்த்திருக்கிறார். அக்கா நகரவில்லை.

எங்களுக்கெல்லாம் தலை நரைக்காத அந்தக் காலத்தில் ஒருநாள் ஃபோன் வந்தது.

“அக்கா, காரை இறக்கிட்டேன்! சாயங்காலம் கொண்டு வர்றேன்” என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

புது வண்டி வாங்கித் தெருவில் விடுவதையும் நம் மொழியில் ‘இறக்குவது’ என்றுதானே சொல்கிறோம்? அப்பாவின் காரை விற்றுவிட்டான் என்று என் மனைவி சமையலறையில் நின்று அழுதாள். அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு, தம்பி புது கார் இறக்கியிருக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துவிட்டு வந்தாள். இரண்டையும் மனப்பூர்வமாகவே செய்தாள்.

சாயங்காலம் வாசலில் ஒரு சிறு கூட்டம். வந்தது அதே பழைய கார். வயிறு தரையைத் தொடாத குறை. பளபளவென்று அகலமான அலாய் சக்கரங்கள்.

“ஐயோ பாவம், நாலுமேவா பஞ்சர்?” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

“எங்கடா புது காரு?” என்றாள் அக்கா.

“எது புது காரு? அப்பா காரைத்தான்க்கா இறக்கியிருக்கேன். ஸ்பிரிங்கை மாத்தி, உயரத்தைக் குறைச்சு…”

“கடன்காரா! நான் அழுத அழுகைய யாருடா திருப்பித் தருவா?”

சமாதானத்துக்காக எங்களை ஒரு சுற்று அழைத்துப்போனார். நான் முன்னால், பிள்ளைகள் இருவரும் அக்காவும் பின்னால். தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியதுதான் தாமதம், இடது பின்பக்கத்திலிருந்து ‘க்ர்ர்ரக்’ என்று ஒரு சத்தம். டயர், சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில் உரசியது. ரப்பர் கருகும் வாடை வந்தது.

“என்னடா இது, அம்மியில அரைக்கிற மாதிரி?”

“ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் பாரம்…”

‘பாரம்’ என்ற சொல்லை அவர் தவிர்த்திருக்கலாம். வீட்டு வாசலில் இறங்கியதும் தீர்ப்பு வந்தது. “என்னங்க, நாம ஊருக்குப் போற அன்னைக்கு டாக்சி சொல்லிடுங்க.”

எனக்குக் கடல் தாண்டி வேலை மாற்றலாகியிருந்தது. அடுத்த வாரம் குடும்பத்தோடு விமானம். அக்காவை அப்பாவின் காரில் தானே கொண்டுபோய் விடவேண்டும் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர் என் மைத்துனர். ‘டாக்சி’ என்ற சொல்லைக் கேட்டு அவர் நின்ற நிலையை நான் வேறொரு மனிதரிடம் கண்டதில்லை.

மறுநாள், எங்கள் வீட்டுப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒரு அட்டைப்பெட்டியின் மேல் பேனாவால் 205/50 R15 என்று எழுதினார்.

“இப்ப போட்டிருக்கறது இதுதான் மாமா. 205ங்கறது அகலம், மில்லிமீட்டர்ல. 15 ரிம்மோட அளவு, அங்குலத்துல. நடுவுல இருக்கற 50 மட்டும் சதவீதம். பக்கவாட்டு உயரம் அகலத்துல பாதின்னு அர்த்தம். அகலம் கூடினா உயரமும் தன்னால ஏறிடும்.”

“ஏறட்டுமே, உமக்கென்ன?”

“ஏறினாத்தானே மாமா உரசுது! 195/50 போட்டா அப்பா போட்டிருந்த டயரோட உயரத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்குள்ள வந்து நிக்கும். உரசாது.”

“அப்புறம் என்ன யோசனை?”

“இந்த 205 தகட்டோட விளிம்பு வரைக்கும் நெறஞ்சு நிக்குது மாமா. 195 உள்ளே ஒடுங்கிப் போயிடும். வண்டியை இறக்கினதுக்கே அர்த்தமில்ல.”

“ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை ஏற்றிவிடுமே” என்றேன். சபையில் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

பிறகு சமையலறைப் பக்கம் போய், ஆணுலகம் இதுவரை பதில் பெறாத அந்தக் கேள்வியைக் கேட்டார். “அக்கா, உன் எடை எவ்வளவு?”

கரண்டி விழுந்தது. ஓர் எண்ணும் வந்தது. என் நலன் கருதி அதை இங்கே எழுதவில்லை. திரும்பி வந்த மைத்துனர் என் காதில், “கூடப் பத்து சேத்துக்கலாமா மாமா?” என்றார். சேர்த்துக்கொண்டோம்.

டயர் கடையில் 195ஐ மாட்டிப் பின்சீட்டில் அக்காவுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை அடுக்கினார். டிக்கியில் எங்கள் பெட்டிகள். பிள்ளைகளைக் குதிக்கச் சொன்னார். அவர்கள் அதுவரை இவ்வளவு விருப்பத்தோடு யாருக்கும் கீழ்ப்படிந்ததில்லை. தரையில் படுத்து, டார்ச் அடித்து, தகட்டுக்கும் டயருக்கும் இடையில் தன் சுண்டுவிரலை நுழைத்தார்.

“ஐயோ, விரலு!” என்று அலறினார் கடைக்காரர்.

“போகுதுண்ணே! விரல் போகுது!”

கடைக்காரருக்கு மனம் ஆறவில்லை. “அந்த 205ல மாப்பிள்ளை மாதிரி இருந்துச்சு சார். இது அண்ணன் சட்டையை மாட்டுன பையன் மாதிரி இருக்கு.” மைத்துனரின் நண்பர்களும் வந்து பார்த்தார்கள். ‘தரைமட்டம்’ பட்டத்தை அன்றைக்கே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவர் மணல் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

கிளம்பும் நாள் வந்தது. டாக்சிக்காரரிடம் நான் ஏற்கெனவே வேண்டாமென்று சொல்லியிருந்தேன். என் மனைவி நேராக இடது ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். முதல் வேகத்தடையில் மைத்துனர் மூச்சைப் பிடித்தார். நானும் பிடித்தேன். சத்தமில்லை. இரண்டாவதிலும் இல்லை. பெருமை பொங்க, “எப்படிக்கா?” என்று கேட்டார்.

பல நாள் மூட்டை கட்டிய அலுப்பில் அக்கா ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கியிருந்தாள். விமான நிலையம்வரை விழிக்கவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. சத்தமில்லாமல் கியரை மாற்றிக்கொண்டு வந்தார். வாசலில் எழுப்பியபோது, கண்ணைக் கசக்கிக்கொண்டு, “அதுக்குள்ளயா? அப்பா ஓட்டுற மாதிரியே இருந்துச்சுடா” என்றாள். அவர் டிக்கியைத் திறக்கும் சாக்கில் பின்பக்கம் போனார். வெகுநேரம் திறந்துகொண்டிருந்தார்.

அந்த 205 டயர்களைக் கடைக்காரர் தன் கடையிலேயே பத்திரமாக வைத்திருந்தார். நாங்கள் விமானம் ஏறி ஒரு மாதம் கழித்து அவர் கேட்டாராம்: “அக்காதான் போயிட்டாங்களே சார். மறுபடி மாட்டிடலாமா?”

“வேண்டாம்ணே” என்றாராம் மைத்துனர். “லீவுக்கு வருவாங்க.”