கரீமுக்கு மூன்றாவது வரி

பெயர் பிரேம் அடிக்கிற கடையில் பொறுமை இல்லாதவர்கள் வேலைக்கு நிற்கக் கூடாது. நான் நின்றேன். பிளஸ் டூவில் இரண்டு பாடம் போச்சு, திரும்ப எழுதப் பிடிக்கவில்லை, பழவங்காடியில் இந்தக் கடைக்கு ஆள் தேவைப்பட்டது. பிரேமில் மூன்று வரி: பெயர், அர்த்தம், அந்தப் பெயரில் புகழ்பெற்றவர்கள். கவுன்டரில் நின்றவர்களுக்குத் தெரியும், ஒவ்வொருவரும் பத்துத் தடவை மாற்றச் சொல்வார்கள். எட்டு மாதமும் முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தேன். இப்போது அந்த இங்க் வாசனைகூட வேண்டும் போலிருக்கிறது.

அர்த்தம் கேட்ட தம்பதி

கரீம் என்று ஒரு பெரியவர் மனைவியோடு வந்தார். தன் பெயருக்கே பிரேம் வேண்டுமாம். "அரபியில கரீம்னா தாராள மனசுக்காரர், மதிப்புக்குரியவர்" என்று படித்துக் காட்டினேன். அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டாவது வரியை நிதானமாகப் பார்த்துவிட்டு மலையாளம் கலந்து சொன்னார்: "முப்பது வருஷமா கூட இருக்கேன், என்கிட்ட யாரும் இதைப் பறஞ்சதே இல்ல மோளே."

காக்கா என்ன செய்தார்

அடுத்த வாரம் இன்னொரு கரீம். பக்கத்து ஓட்டல் பரோட்டா மாஸ்டர் நவ்ஷாத் அண்ணனுக்கு மகன் பிறந்திருந்தான். மறுநாள் ஏழாம் நாள், முடி இறக்கிப் பெயர் சொல்ல வேண்டும். இறந்துபோன தன் காக்காவின், அதாவது மூத்த அண்ணனின், பெயரை வைக்க ஆசைப்பட்டார். மாமியார் விடவில்லை, முப்பத்துநாலு வயதில் மௌத்தானவன் பெயர் பிள்ளைக்கு ஆகாதாம். விருந்தாளிகள் வருவதற்குள் பிரேமைச் சுவரில் மாட்டிவிட்டால் அப்புறம் யாரும் மாற்ற முடியாது என்பது இவர் கணக்கு.

மூன்றாவது வரியில் காக்காவைப் போடச் சொன்னார். கடையில் அதற்கென்று ஒரு பைல் உண்டு, எல்லாம் ராஜாக்களும் பந்தாட்டக்காரர்களும். "அவர் அப்படி என்ன சாதிச்சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "இந்த ஊருக்கு என்னைக் கூட்டிட்டு வந்து, தன் கட்டில்ல என்னைப் படுக்க வச்சு, ஆறு மாசம் தரையில படுத்தாரு. அது இதுல வருமா தங்கச்சி?"

நான் செய்த தப்பு

அவசரத்தில் பைலில் இருந்ததையே அடித்துப் பொதிந்து கொடுத்துவிட்டேன். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தபோதுதான் அதைக் கவனித்தேன். சரியானதை அடித்து எடுத்துக்கொண்டு மணக்காட்டில் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

வீடு நிறைய ஆட்கள். ராஜாக்கள் ஏற்கனவே சுவரில் தொங்கினார்கள். நவ்ஷாத் அண்ணன் என்னை வாசலிலேயே மடக்கினார்: "மாமி ராஜா பேருன்னு சம்மதிச்சிட்டாங்க. நீ போயிரு." போயிருக்கலாம். ஆனால் மாமி எட்டிப் பார்த்து, கையில் என்ன என்றார். எனக்குப் பொய் வராது. கொடுத்தேன்.

'கரீம்: தன் கட்டிலைத் தம்பிக்குக் கொடுத்தவர்' என்ற வரியில் மாமியின் விரல் நின்றது. நவ்ஷாத் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி சுவரில் இருந்ததைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "ராஜா யாரையும் நான் கண்டதில்ல. இந்தக் கரீம் எம் மவ கல்யாணத்துல கடைசிப் பந்தி வரைக்கும் பச்சத் தண்ணி குடிக்காம வெளம்புனான். இதையே மாட்டுங்க."

இப்போது மொபைல் கடையில் நிற்கிறேன். இங்கே வருகிறவர்கள் மாடல் நம்பரை மட்டும் சொல்கிறார்கள், அதற்கு அர்த்தம் என்ன என்று ஒருத்தரும் உயிரை எடுப்பதில்லை.