மறுசோறு

கடையத்தில் நெல் விளைகிற வீட்டில் பிறந்தவள் என் மனைவி. ராத்திரி சோறு இல்லையென்றால் அவளுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. எனக்குச் சர்க்கரை வந்ததும் தென்காசி டாக்டர் சோற்றை நிறுத்தச் சொன்னார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "ஒலகத்துல பாதிப் பேரு கோதுமையும் சோளமும்தான் திங்கான். அவன்லாம் செத்தா போயிட்டான்?" என்று எரிந்து விழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சோற்றுப் பானையைக் கழுவிப் பரணில் போட்டாள். "ஒங்களுக்கு இல்லாத சோறு எனக்கு மட்டும் எப்படி எறங்கும்?" என்றாள். சப்பாத்தி அவளுக்கு ஆகவே ஆகாது. தண்ணீரைக் குடித்துக் குடித்துத்தான் விழுங்குவாள். நானும் அதைத் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பார்த்து என்ன செய்ய? மத்தியானமானால் அவள் கட்டிக்கொடுத்த சப்பாத்தியைப் என் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரரிடம் தள்ளிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் மெஸ்ஸில் போய் உட்கார்ந்துவிடுவேன். சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று சோறு வாங்கித் தின்பேன். வாயைக் கட்டத் துப்பில்லாத ஜென்மம்.

அடுத்த சோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. "நாந்தான் ஒரு சப்பாத்தி கூட வச்சிருதேன், டாக்டர்" என்று அவள் கண்ணைத் துடைத்தாள். அவர் அவளைத்தான் திட்டினார். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து எனக்கு இரண்டே சப்பாத்தி. அவளும் இரண்டோடு நிறுத்திக்கொண்டாள்.

போன மாதம் குற்றாலத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் சோற்று வாளி வந்ததும் அவள் என் இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தாள். "எங்க ரெண்டு பேருக்கும் வேண்டாம் தம்பி."

வாளியோடு நின்றவர் நான் போகும் மெஸ்ஸில் பரிமாறுகிறவர். கல்யாண வேலைக்கு வந்திருக்கிறார். "என்ன அண்ணாச்சி, மோருக்கு மறுசோறு வாங்காம எந்திரிக்க மாட்டியளே, இன்னைக்கு என்ன?" என்று சிரித்தார்.

"அது என்னைக்காவது..." என்று இழுத்தேன்.

"என்னைக்காவதா? மெஸ்ஸுல தெனமும் நாந்தானே வைக்கேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் இலைக்கு மேலிருந்த கையை எடுத்தாள். "அவுகளுக்கு வைங்க. எனக்கும் வைங்க."

குனிந்த தலை நிமிராமல் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். கண்ணில் நீர் வழிந்தது, கை நிற்கவில்லை. ரசத்துக்கும் சோறு வாங்கினாள். இத்தனை மாதமாக இவளைப் பட்டினி போட்டிருக்கிறேனே என்று எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது. ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை.

மோருக்குச் சோறு வந்தது. வாளிக்காரர் முதலில் என் இலைக்குத்தான் குனிந்தார்.

"அவுக தெனமும் சாப்பிடுதவுகதானே," என்றாள் அவள். "எனக்கு வைங்க."